நிழலுக்குக் குடிபோகிறவர்கள்

சென்னை பெசன்ட் நகரில் வீடு காட்டும் புரோக்கர் முதலில் வீட்டைக் காட்டுவதில்லை, தெருவைக் காட்டுகிறார். எல்.பி. சாலையின் மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே ஸ்கூட்டரை நெளித்து ஓட்டிவந்தவர், உள்தெருவுக்குள் திரும்பியதும் வேகத்தைக் குறைத்துவிடுகிறார். இருபுறத்துத் தூங்குமூஞ்சி மரங்களும் தலைக்கு மேலே பின்னிக் கிடக்கின்றன. "ஏசி போட்ட மாதிரி இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நிற்கிறார். நம் கண் மரத்தில் இருக்கும்போதே வாடகையைச் சொல்லிவிட வேண்டும். அது தொழில் நுணுக்கம்.

மூன்று படுக்கையறை ஃபிளாட்டுக்கு 60,000 ரூபாயில் பேச்சு தொடங்கும். கட்டடம் புதிது, லிஃப்ட் உண்டு, பால்கனியில் எட்டிப் பார்த்தால் கடல் ஒரு கீற்றுத் தெரியும் என்றால் லட்சத்தைத் தொடும். சொந்தமாக வாங்குவதென்றால் சதுர அடி 20,000 ரூபாய் என்பதைக் கத்திரிக்காய் விலைபோல் சாதாரணமாகச் சொல்கிறார்கள். அடையாற்றுக்கு அந்தப் பக்கம் போட் கிளப் சாலையில் விலை கேட்கவே ஒரு தகுதி வேண்டும்.

இருந்தும் வந்துகொண்டேயிருக்கிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் பதினெட்டாவது மாடியில், நீச்சல்குளத்தோடும் ஜிம்மோடும் இருந்த ஐ.டி. தம்பதிகள் வருகிறார்கள்; அங்கே கேட்டைத் தாண்டினால் நடக்கத் தெரு இல்லை, லாரித் தண்ணீர்க் கணக்கு தலைவலி என்பது அவர்கள் குறை. அமெரிக்காவிலிருந்து திரும்புகிறவர்கள் வருகிறார்கள். கும்பகோணத்திலும் திருநெல்வேலியிலும் பெரிய வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளுக்கு அருகில் இருக்கவேண்டும் என்று வயதானவர்கள் வருகிறார்கள். காலையில் எலியட்ஸ் கடற்கரையில் ஒரு நடை, நடந்து போகிற தூரத்தில் மருத்துவர், அஷ்டலட்சுமி கோயில், வேளாங்கண்ணி மாதா கோயில், காய்கறிக் கடை. எல்லாவற்றுக்கும் மேலே அந்த நிழல். சித்திரை வெயிலில் சைதாப்பேட்டையிலிருந்து இந்தத் தெருக்களுக்குள் நுழைகிற எவருக்கும் அந்த ஆசையைப் புரியவைக்கத் தேவையில்லை.

ஆனால் இப்படிக் குடிவருகிறவர்களுக்காகக் கட்டப்படுகிற ஒவ்வொரு புதுக் கட்டடமும் எதற்காக வருகிறார்களோ அதில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டுத்தான் எழும்புகிறது. இந்தக் கட்டுரையின் விஷயம் அதுதான்.

மணலில் வந்த மரம்

அடையாற்றின் தென்கரைப் பசுமை தானாக வந்தது என்று நினைத்துக்கொள்வது வழக்கம். உண்மையில் இது கடலோர மணல்பூமி. ஊரூர் என்கிற கிராமமும் மீனவர் குப்பமும் இருந்த இடம். 1882இல் கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் ஆற்றங்கரையில் ஹடல்ஸ்டன் தோட்டம் என்ற பழைய பங்களாவை வாங்கி, எல்லா மதத்தாரின் சகோதரத்துவத்தையும் பேசிய தியசாஃபிகல் சொசைட்டியின் தலைமையகத்தை அங்கே கொண்டுவந்தார்கள். பிறகு பக்கத்து நிலங்களும் சேர்ந்து சுமார் 260 ஏக்கராக விரிந்தது. அதற்குள் இருக்கும் பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்துபோனாலும் விழுதுகள் மரங்களாக நிற்கின்றன. 1909இல் இந்தக் கடற்கரையில்தான் பின்னாளில் தத்துவ ஞானியான ஜே. கிருஷ்ணமூர்த்தியைச் சிறுவனாக, சொசைட்டியைச் சேர்ந்த லெட்பீட்டர் கண்டெடுத்தார். தியசாஃபிகல் சொசைட்டிக்குத் தலைவராக இருந்து 1933இல் இங்கேயே இறந்த அன்னி பெசன்ட்டின் பெயரைத்தான் பின்னால் நகருக்கு வைத்தார்கள்.

ஒரு தனியார் அமைப்பு தன் நிலத்தை விற்காமல் வைத்திருந்ததால் கிடைத்த காடு அது. மற்றதெல்லாம் அரசாங்கமும் கூட்டுறவும் போட்ட கோடுகள். நாடு விடுதலை பெற்ற கையோடு, 1940களின் கடைசியில், கூட்டுறவு வீடுகட்டும் சங்கம் மூலமாகக் காந்தி நகர் வந்தது. பின்னாலேயே வீட்டுவசதி வாரியம் சாஸ்திரி நகர், இந்திரா நகர் என்று தெற்கே நகர்ந்தது. 1970களில் பெசன்ட் நகர் மனைகளாகவும் அடுக்கு வீடுகளாகவும் பிரிந்தது. குறைந்த வருவாய், நடுத்தர வருவாய், உயர் வருவாய் என்று வாரியம் வகுத்த மூன்று பிரிவினருக்கும் அதில் இடம் இருந்தது. மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு, ரிசர்வ் வங்கிக் குடியிருப்பு, கஸ்டம்ஸ் காலனி என்று ஊழியர்களின் நகராகத்தான் அது தொடங்கியது.

அந்தக் காலத்தில் ஒதுக்கீடு கிடைத்தவர்களின் கதைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "அந்தக் காட்டுக்கா போறீங்க?" என்று மயிலாப்பூர் உறவினர்கள் கேட்டிருப்பார்கள். பஸ் எப்போதாவது வரும். செருப்பு மணலில் புதையும். கம்பிவேலி போட்டு, தென்னங்கன்றும் வேம்பும் முருங்கையும் வைத்து, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள். தெருவுக்குப் பொதுவாகத் தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை, மயில்கொன்றை வந்தன. அகலமான சாலை, வீட்டைச் சுற்றிக் கட்டாயமாக விட வேண்டிய இடம், மாடிகளுக்குக் கட்டுப்பாடு என்கிற வறண்ட விதிகளும், குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் ஊற்றிய தண்ணீரும் சேர்ந்து நாற்பது ஐம்பது வருஷத்தில் கொடுத்த நிழல் இது. இன்று 'பணக்கார ஏரியா' என்கிறோம். மரங்களை வைத்தவர்களில் பாதிப்பேர் வீட்டுக் கடனைக் கட்டி முடிக்கவே ஓய்வு பெறும்வரை காத்திருந்தவர்கள்.

ஒரு கிரவுண்டின் கணக்கு

சென்னையில் நிலத்தை கிரவுண்டில்தான் பேசுவார்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதில் 1975 வாக்கில் கட்டிய தனிவீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே இரண்டு படுக்கையறை, மாடியில் ஒன்று. முன்னால் வேம்பு, பின்னால் இரண்டு தென்னை, மதிலோரம் ஒரு மா. பெரியவருக்கு எண்பது வயது. மகன் நியூஜெர்சி, மகள் சிங்கப்பூர். ஒழுகுகிற மாடியைச் செப்பனிட ஆள் கிடைப்பதில்லை. வாசலில் விசிட்டிங் கார்டு செருகிவிட்டுப் போகிற பில்டர்களுக்கு மட்டும் பஞ்சமில்லை.

ஒப்பந்தம் எளிது. ஜே.வி. என்று சொல்வார்கள், ஜாயின்ட் வென்ச்சர். நிலம் பெரியவருடையது, கட்டுமானச் செலவு பில்டருடையது, கட்டியதில் பாதிக்குப் பாதி. நிலத்தின் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைத் தளப் பரப்புக் குறியீடு முடிவு செய்கிறது. அது முன்பு 1.5 ஆக இருந்தது. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அதை 2 ஆக்கின. ஒரு கிரவுண்டில் 3,600 சதுர அடி கட்டிய இடத்தில் இப்போது 4,800. ஆளுக்கு 1,200 என்று நான்கு வீடுகள். வீட்டுக்கு ஒரு காராவது நிற்க வேண்டும், ஆகவே தரைத்தளம் முழுக்கத் தூண்கள். பத்திரத்தில் ஒவ்வொருவருக்கும் 'பிரிக்கப்படாத பாகம்' என்று 600 சதுர அடி நிலம் இருக்கும். அதன் மேல் ஒரு புல் முளைக்க வழி இருக்காது.

விதிப்படி சுற்றிலும் விட வேண்டிய இடத்தை விடத்தான் செய்கிறார்கள். கார் திரும்புவதற்காக அதில் சிமென்ட் கல் பதித்து, அடியில் தண்ணீர்த் தொட்டியும் கழிவுநீர்த் தொட்டியும் வைத்துவிடுகிறார்கள். வேம்பு அஸ்திவாரக் குழி தோண்டும்போது போகிறது. தென்னைகள் கம்பி இறக்க லாரி வரும்போது போகின்றன. மாமரத்தைக் காப்பாற்றுவதாகச் சொன்ன பில்டர் அதன் ஒருபக்க வேரை வெட்டிவிட, அது இரண்டு வருஷம் நின்று காய்கிறது. கட்டி முடிந்ததும் விளம்பரத்தில் 'மரங்கள் சூழ்ந்த அவென்யூவில் ஆடம்பர இல்லங்கள்' என்று எழுதுகிறார்கள். அந்த மரங்கள் எதிர்வீட்டுக்காரர்களுடையவை. எதிர்வீட்டிலும் ஒரு பெரியவர் இருக்கிறார், அவர் வாசலிலும் விசிட்டிங் கார்டு இருக்கிறது.

பெரியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நிலம் ஒன்றுதான் அவர் சேர்த்த சொத்து. லிஃப்ட் உள்ள வீடு வயதான முழங்காலுக்குத் தேவை. அடர்த்தி கூடாது என்பதும் என் வாதமில்லை. நகரத்தின் நடுவில் கூடுதலாகப் பத்துக் குடும்பங்கள் வாழ்வது, அவர்கள் ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் ஓர் ஏரியைத் தூர்த்துக் குடியேறுவதைவிட நல்லதுதான். ஆனால் அந்த நான்கு வீடுகளும் 1,200 சதுர அடி வசதியும் ஆளுக்கு இரண்டு காரும் என்றே திட்டமிடப்படுகின்றன. மரத்தின் இடத்தைப் பிடித்தது பெரும்பாலும் மனிதர் அல்லர், கார்.

தியாகராய நகரைப் பார்த்தவர்களுக்கு இது எங்கே போய் முடியும் என்று தெரியும். 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில் மாம்பலத்து ஏரியை வற்றடித்துத் திட்டமிட்டுக் கட்டிய தோட்ட நகர் அது. பனகல் பூங்காவிலிருந்து ஆரம்போல் பிரியும் சாலைகள், பங்களாக்கள், மாமரங்கள். இன்று அதன் கடைவீதியான ரங்கநாதன் தெருவில் நின்று அதை யாரும் கற்பனை செய்ய முடியாது.

தெருமரங்கள் மட்டும் தப்பிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்த சாயங்காலம் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. தென்சென்னைத் தெருக்களில் பெருங்கொன்றையும் மயில்கொன்றையும் கார்கள் மேல் குறுக்கே கிடந்தன. இவை சீக்கிரம் நிழல் தருகிற, ஆனால் வேர் ஆழமாகப் போகாத வெளிநாட்டு மரங்கள் என்று அப்போது எல்லோரும் தாவரவியல் பேசினோம். வேர் ஏன் ஆழமாகவும் அகலமாகவும் போகவில்லை என்பதற்கு நடைபாதையில் பதித்த கல்லும், மழைநீர் வடிகாலுக்கும் கேபிளுக்கும் அடுத்தடுத்துத் தோண்டிய பள்ளமும் சொல்லும் பதிலை யாரும் அவ்வளவாகக் கேட்கவில்லை. கழுத்துவரை சிமென்ட் பூசிய மரம் காற்றைத் தாங்காது.

யார் வரலாம்

பணம் இருந்தால் மட்டும் இந்த நிழலுக்குள் வந்துவிட முடியாது. போனில் முதல் கேள்வியே "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்றுதான் வருகிறது. சில கேட்டுகளில் 'வெஜிடேரியன்களுக்கு மட்டும்' என்று பலகையே தொங்குகிறது. அசைவ வாடை பற்றிய அக்கறை என்று அதை யாரும் நம்புவதில்லை. ஐந்து நிமிட நடையில் மீன் விற்கிற கடற்கரை, தெருவுக்குத் தெரு பிரியாணி. சாதியை நேரடியாகக் கேட்கக் கூசுகிறவர்கள் சமையலைக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். முஸ்லிம் பெயரைச் சொன்னதும் "நேத்துதான் வேற பார்ட்டிக்கு முடிஞ்சுடுச்சு" என்று மறுமுனை மாறிவிடும். தனியாக வாழும் பெண், கல்யாணமாகாத இளைஞர்கள் என்றால் அசோசியேஷன் அனுமதி வேண்டும். நூல்கள் நிறைந்த அலமாரியும் உலகப் பயணமும் கொண்ட வீட்டுக்காரர்கள் இதைச் சற்றும் கூச்சமில்லாமல் சொல்லும்போது, அன்னி பெசன்ட்டின் பெயரைத் தாங்கிய ஊரில் சர்வமத சகோதரத்துவம் காம்பவுண்டு சுவருக்கு வெளியில் நிற்கிறது.

அட்வான்ஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்னையின் பழைய வழக்கம் பத்து மாத வாடகை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாதம் போதும் என்கிறது. அந்த 'வேறுவிதமாக'வுக்குள் ஆறு மாதம் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.

வந்து சேர்ந்தவர்களுக்கு அடுத்த பாடம் தண்ணீர். கடலோர மணலில் மேலாக ஒரு நல்ல தண்ணீர்ப் படலம் இருக்கும். மழை அதை நிரப்பும், கிணறு அதை எடுக்கும், ஆழ்துளைக் குழாய் அதைக் கிழித்துக்கொண்டு கீழே போனால் கடல் உள்ளே வரும். இதை வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் இதே பெசன்ட் நகரின் சேகர் ராகவன். 1990களில் அவரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திப் பேசி அனுப்பியவர்கள் உண்டு. 2003இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு முழுவதும் கட்டாயமாக்கினார்கள். இப்போது புதுக் கட்டடங்களில் மழைநீர்க் குழாய் தவறாமல் இருக்கிறது, அனுமதி வாங்க அது வேண்டும். குழாயின் மறுமுனையில் இருக்கும் உறிஞ்சுகுழியைக் கடைசியாக எப்போது தூர்வாரினீர்கள் என்று கேட்டால் அசோசியேஷன் செயலாளர் பொருளாளரைப் பார்ப்பார். 2019 கோடையில் நகரத்தின் ஏரிகள் வறண்டபோது இந்த நிழல் தெருக்களிலும் லாரிகள் இரவு முழுக்க நின்றன.

அதே வெள்ளம்

2015 டிசம்பர் முதல் வாரத்தை அடையாற்றின் இரு கரையும் மறக்காது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த தண்ணீரும் வழியிலுள்ள ஏரிகளின் உபரியும் சேர்ந்து வந்தபோது கோட்டூர்புரம் வீட்டுவசதி வாரிய வீடுகளில் முதல் மாடிவரை ஏறியது. போட் கிளப் பகுதி பங்களாக்களுக்குள் படகு போனது. வெள்ளத்துக்கு ஏழை பணக்காரன் தெரியாது என்று அப்போது நிறைய எழுதினோம். அடுத்து நடந்ததில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. பங்களாக்காரர்கள் தரையை மாற்றி, மின்இணைப்புப் பெட்டியை உயர்த்தி வைத்து அங்கேயே இருக்கிறார்கள். ஆற்றோரக் குடிசைகளில் இருந்த ஏராளமான குடும்பங்கள், வெள்ளத்திலிருந்து காப்பதற்காக என்ற பெயரில், நகரின் தென்கோடியில் உள்ள பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. அதற்கு முன்பே, 2000 முதல், இன்னொரு மறுகுடியேற்றப் பகுதியான கண்ணகி நகருக்குப் போனவர்கள் வேறு.

அவர்களுடைய வேலை மட்டும் இடம் மாறவில்லை. ஐந்தரை மணிக்கு எழுந்து, இரண்டு பஸ் மாறி, ஏழு மணிக்கு அடையாறு வீடுகளில் பாத்திரம் தேய்க்க வருகிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் சம்பளத்தில் கொஞ்சம் கையில் நிற்கிறது. முன்பு ஆற்றங்கரையிலிருந்து நடந்தே வந்தவர்கள் இவர்கள். "அப்பல்லாம் மதியம் ஓடிப்போய் புள்ளைக்குச் சோறு போட்டுட்டு வந்துடுவேன்" என்று ஓர் அக்கா சொன்னதில் நகரத் திட்டமிடலின் முழு விமர்சனமும் இருக்கிறது. குடிவருகிறவர்கள் எல்லோரும் 'ஏரியாவில் ஹெல்ப் நல்லா கிடைக்கும்' என்று சொல்லக் கேட்டுத்தான் வருகிறார்கள். அந்த ஹெல்ப் எந்த ஏரியாவிலிருந்து வருகிறது என்பது வீடு பார்க்கும்போது பேசப்படுவதில்லை.

இன்னும் இங்கேயே இருக்கிறவர்கள் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர்கள். பெசன்ட் நகருக்கு மிக முந்தையவர்கள். 2015இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா முதலானவர்கள் கர்நாடக இசையையும் பரதத்தையும் குப்பத்துத் தெருவுக்குக் கொண்டுவந்து விழா நடத்தியபோது, பல வருஷங்களாக இருநூறு மீட்டர் தூரத்தில் வசித்த நகர்வாசிகள் சிலர் முதல்முறையாகக் குப்பத்துக்குள் வந்தார்கள். இத்தனை மரங்கள் கொண்ட நகருக்குப் பக்கத்தில் குப்பத்துச் சந்துகளில் நிழல் குறைவு என்பதை அங்கே பகலில் நின்றால் பார்க்கலாம். அகலச் சாலையும் வீட்டைச் சுற்றிய இடமும் யாருக்கு ஒதுக்கப்பட்டதோ அவர்களுக்குத்தான் மரம் வாய்த்தது.

தெருமரத்து நிழலை அன்றாடம் முழுதாகப் பயன்படுத்துகிறவர்களும் ஃபிளாட்காரர்கள் இல்லை. தள்ளுவண்டியில் கரிப்பெட்டி வைத்துத் துணி தேய்க்கும் அயர்ன்காரர், பிளாஸ்டிக் நாற்காலியில் பகல் முழுக்க உட்காரும் வாட்ச்மேன், ஆட்டோ ஸ்டாண்டு, பூக்கட்டும் அம்மா, பார்சல் கொண்டுவந்து ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தி மூச்சு வாங்கும் டெலிவரி பையன்கள். மரத்தடியே அவர்களுடைய அலுவலகம். அயர்ன் வண்டி 'தெருவின் லுக்கைக் கெடுக்கிறது' என்ற புகாரும், இலை காரின் மேல் கொட்டுகிறது, காக்கை எச்சமிடுகிறது, கிளையைக் கொஞ்சம் 'ட்ரிம்' செய்யுங்கள் என்ற புகாரும் பெரும்பாலும் ஒரே வாட்ஸ்அப் குழுவிலிருந்து கிளம்புகின்றன. ட்ரிம் செய்ய வருகிறவர்கள் மின்கம்பிப் பக்கம் மட்டும் வெட்டிவிட்டுப் போவார்கள். ஒருபக்கம் மொட்டையான மரம் அடுத்த புயலில் மறுபக்கம் சாயும்.

எல்லாக் குழுக்களும் அப்படியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோட்டூர்புரத்தில் குப்பைமேடாகக் கிடந்த ஆற்றோர இடம் 2006 முதல் நிழல் என்ற அமைப்பின் முயற்சியில் நம் மண்ணின் மரங்கள் நிற்கும் பூங்காவாகியிருக்கிறது. வேம்பு, புங்கை, பூவரசு, மகிழம் போன்ற மரங்களை அங்கே பெயர் சொல்லிப் பார்க்கலாம். உதிர்ந்த இலையை எரிக்காமல் மக்க வைக்கிற அடுக்ககங்கள் சில உண்டு. பழைய வேம்புக்காகக் காம்பவுண்டு சுவரையே வளைத்துக் கட்டிய வீடு ஒன்றைக் காந்தி நகரில் பார்த்தேன். அதைக் கட்டிய பில்டருக்கு அதனால் ஒரு கார் நிறுத்தும் இடம் குறைந்ததாம். அவர் கட்டியவற்றில் அந்த வீடுதான் முதலில் விற்றுப்போனதாகவும் சொன்னார்.

வாங்குகிறவர்களின் கையில் இருக்கும் பலத்தை அவர் சொன்னது காட்டுகிறது. நிழலுக்கும் சேர்த்துத்தான் விலை கேட்கிறார்கள் என்றால் நிழலையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்கலாம். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அனுமதி வரைபடம் என்று கேட்கிற பட்டியலில் இன்னும் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். மனையில் இருந்த மரங்கள் எத்தனை, அவற்றில் எவை நிற்கப்போகின்றன, வரைபடத்தில் அவை குறிக்கப்பட்டிருக்கின்றனவா? சுற்றியுள்ள ஒதுக்கத்தில் எவ்வளவு இடம் கல் பதிக்காத மண்ணாக இருக்கும்? உறிஞ்சுகுழி எங்கே? இரண்டாவது கார் நிறுத்துமிடத்தை வேண்டாமென்றால் விலையில் எவ்வளவு குறையும்? டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு கேட்டால் பில்டர் காது கொடுத்துக் கேட்பார். கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு கேட்டால் நர்சரி நம்பர் கொடுப்பார்.